இருபது பக்க எண்

போன் அடித்ததும் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியை அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எடுத்தார். காலையிலிருந்து செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் அவருக்கு வாய் நமநமத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நான்..."

"இருப்பா, முதல்ல நான் சொல்றதைக் கேளு. கிடைச்சிடுச்சு!"

"என்னம்மா கிடைச்சிடுச்சு?"

"ஒரு பகா எண். ஒண்ணால வகுக்கலாம், அதாலேயே அதை வகுக்கலாம். வேற எதுக்கும் மசியாது. அச்சடிச்சா இருபது பக்கம் வரும். முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒரே எண்!"

"அம்மாடி! பக்கத்துலயே இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமாம்மா?"

கேள்வியைக் கேட்டதும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "மூணு, அஞ்சு, ஏழுன்னு சின்னதெல்லாம் நெருக்கமா இருக்கும்பா. பெருசாக ஆக இடைவெளி கூடிக்கிட்டே போகும். இதுக்கு அக்கம்பக்கத்துல ஆயிரக்கணக்கான எண்களைச் சோதிச்சுட்டேன். ஒண்ணுகூடத் தேறலை."

"ஐயோ, பாவம்மா அது."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஓர் எண்ணுக்காகப் பரிதாபப்பட்டவன் இவன் ஒருவன்தான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சும்மா." அவன் கொஞ்சம் தயங்கினான். "அம்மா, நான் இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். நேத்து லைன் வரலைன்னு புகார் கொடுத்திருந்தீங்களே, இப்ப சரியா வருதா?"

"வருதுப்பா."

"அப்ப புகாரை முடிச்சிடலாமாம்மா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்ப வேண்டாம்பா. நாளைக்கும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேளு" என்றார்.