தட்டில் வந்த இரைப்பை

அறுவை அரங்கின் கதவைத் திறந்து டாக்டர் எஃகுத் தட்டை நீட்டினார். வெட்டி எடுத்ததை வீட்டாரிடம் காட்டுவது அங்கே வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து சலேத்து பார்த்துப் பார்த்துச் சோறு போட்ட புருஷனின் இரைப்பை, செருப்புத் தோலாகத் தடித்துக் கிடந்தது.

“எல்லாம் இவ வைக்கிற கருவாட்டுக் குழம்பு பண்ணுன வேலை, டாக்டர்,” என்றாள் நாத்தனார் பிரகாசி. நோயாளியைப் பார்க்க வந்த அத்தனை பேரிடமும் அவள் சொன்னதுதான். சலேத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரும்போதெல்லாம் அந்தக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சட்டியை வழித்தவள்தானே இவள்!

“உப்பால வர்ற புற்றுநோய் பெரும்பாலும் இரைப்பையோட அடிப்பக்கம், கட்டியா நிக்கும்மா,” என்றார் டாக்டர். “இது மேல்பக்கம். செல்லெல்லாம் சிதறிப் பரவுற வேற வகை. சில குடும்பத்துல வழிவழியா வரும். இவர் வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?”

மாமனாரும் அவர் தங்கையும் இதே வயிற்றுவலியில்தான் போனார்கள்.

“இப்பச் சொல்லுங்க மைனி, உங்கப்பா சாப்பிட்டது யாரு வச்ச குழம்பு?” என்று சீறித் திரும்பினாள் சலேத்து.

பிரகாசி தட்டைப் பார்க்கவில்லை. அவள் கை, தன் மேல்வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.