எவர்சில்வர் டம்ளர்

"செருப்புத்தோல் வாசமாமே! இதைக் கிறிஸ்துமஸுக்கு வேற ஊத்தப்போறியாக்கும்?" என்று வேலிக்கு மேலே கத்தினாள் திரவியம்.

"டம்ளர் சொன்னதைச் சொல்றியே, நீ குடிச்சுப் பாத்தியாடி?" என்று சீறினாள் சலேத்தம்மாள்.

யார்தான் குடித்தார்கள்? ஒயினை ஊற்றியதும் டம்ளரே ருசி சொல்லிவிடுகிற காலம். திரவியத்தின் ஒயினுக்கு 'அடக்கமானது, பூ மணம்' என்று பெயர். சலேத்தம்மாளுடையது மூன்று வருடமாகச் சாக்கடைக்குத்தான் போனது. இந்த வருடமும் போனால் திராட்சைப் பந்தலையே வெட்டிவிடுவதாக இருந்தாள்.

டம்ளர் ரிப்பேருக்கு வந்த மிக்கேல் சண்டையை விலக்கிவிட்டு, சலேத்தம்மாளின் ஒயினை அவள் வீட்டுப் பழைய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தார். அது வாய் திறக்கவில்லை.

"நல்லாருக்கு. இன்னொண்ணு ஊத்துங்க."

சலேத்தம்மாளைப் போல அவரும் தனிக்கட்டைதான், தெரு முன்பே விசாரித்து வைத்திருந்தது. தை மாதம் அந்தப் பந்தலடியிலேயே கல்யாண விருந்து. மிக்கேல் பெட்டியோடு அங்கேயே குடிவந்துவிட்டார். விருந்தில் திரவியம் நாலு டம்ளர் குடித்தாளாம், எவர்சில்வரில்.