பதினொன்றாம் பாகத்தில் பென்சில் கோடு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கி, ஓர் ஆளுக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். காலம் தாண்டி வந்து காதலிக்கிற ஒருவனைப் பற்றி வேறொருவர் எழுதிய தொடர்நாவலைத் தொலைக்காட்சிக்குத் திரைக்கதையாக எழுதித் தருவது அவன் வேலை. எந்தக் காட்சியை வைப்பது என்று அவன் குழம்பியதே இல்லை. இறந்துபோன மனைவி அதுவரை வந்த பத்துப் பாகங்களிலும் நாயகன் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

பதினொன்றாம் பாகம் அவள் போய் நாலு மாதம் கழித்துத்தான் வெளிவந்தது. அதன் பிளாஸ்டிக் உறையை அன்றுதான் கிழித்தான். உள்ளே பென்சில் கோடுகள் இருந்தன. பத்தாம் பாக முடிவில் மறைந்துபோன நாயகன் திரும்பி வரும் பக்கத்தின் ஓரத்தில், "அப்பாடா, வந்துட்டான்!" என்று அவள் கையெழுத்து.

கடைசிப் பக்கம்வரை புரட்டினான். அவனுக்கென்று ஒரு சொல்கூட இல்லை. மத்தியானத்துக்குள் நாயகனைச் சாகடித்து எழுதி அனுப்பிவிட்டான்.

இயக்குநர் போனில் கத்தினார். "என்னய்யா, ஹீரோவையே போட்டுத் தள்ளிட்டே! மிச்ச எபிசோடை யாரை வச்சு ஓட்டுறது?"

"அவன் திரும்பி வரக்கூடாது சார்."

"ஏன், உன் பொண்டாட்டியையா இழுத்துட்டு ஓடிட்டான்?" என்று சிரித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. வாய் தவறிடுச்சு."

மறுநாள் காலை, மேசையில் இருந்த திரைக்கதைப் பிரதியில் நாயகன் சாகும் காட்சி முழுவதும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதாகத்தான் எல்லோரிடமும் அவன் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் அவள் சொன்னது வேறு.

"பதினொண்ணாவது வந்ததும் வாங்கி வைங்க. அவன் திரும்பி வந்துட்டானான்னு நான் வந்து பார்த்துக்கிறேன்."