பதினொன்று

மருத்துவ மேற்படிப்புக் கவுன்சலிங் திரையில் ஒவ்வொரு துறைக்கும் எதிரே ஓர் எண் இருந்தது. அந்தத் துறையை எடுத்தால், அருள்மலரின் தவறால் அவள் பணிக்காலத்தில் அத்தனை பேர் இறப்பார்கள். தோல் மருத்துவத்துக்குப் பூஜ்யம். அவள் ஆசைப்பட்ட குழந்தை மருத்துவத்துக்குப் பதினொன்று.

"தோலையே எடுத்துடும்மா," என்றார் அப்பா.

அருள்மலர் எதிரே இருந்த அதிகாரியிடம் கேட்டாள்: "நான் எடுக்கலன்னா அந்தப் பதினோரு குழந்தைங்களும் பொழைச்சிடுமா சார்?"

அதிகாரி தன் திரையைப் பார்த்தார். "அந்த சீட் உங்களுக்கு அடுத்து நிக்கிறவங்களுக்குப் போகும். அவங்களுக்குப் பத்தொன்பது காட்டுது."

"அது நம்ம தலையில விழாதும்மா," என்றார் அப்பா.

அருள்மலரின் விரல் இரண்டு துறைகளுக்கும் நடுவில் நின்றது.

பின்னால் நின்ற பெண் தயங்கிக் கேட்டாள்: "குழந்தை மருத்துவம் எடுக்கப்போறீங்களா? எனக்குக் குழந்தைங்கன்னா உயிர்."