கண்ணீர் வரவழைத்த பக்கம்

“இந்தப் படத்தை முதல்ல கழட்டு!”

உணவகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினாள் அந்தக் கிழவி. இறந்தோர் தினப் படையலில், சாமந்திப் பூக்களுக்கு நடுவே, ஓர் இளம்பெண்ணின் பழைய புகைப்படம்.

கடையின் இணையதளத்துக்கு எழுதும் இட்செலுக்கு ஆத்திரம் பொங்கியது.

“எதிர்க்கடைக்காரங்க அனுப்பினாங்களா, சென்யோரா? அது எங்க முதலாளியோட அம்மா. மோலே குழம்போட பக்குவத்தை மகன் காதுல சொல்லிட்டுத்தான் உயிரை விட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“முதலாளியே சொன்னாரு, நான் எழுதினேன். படிச்சவங்க அழுதுக்கிட்டே வந்து மெழுகுவத்தி ஏத்துறாங்க. வாசல்ல வரிசையைப் பாருங்க! போன வருஷம் இதே நாள்ல ஈ ஓட்டிக்கிட்டிருந்தோம்.”

“வாயை மூடு!” கிழவி படத்தை வெடுக்கென்று பிடுங்கித் தன் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். “நல்லாப் பாருடி!”

அதே மச்சம். அதே வெட்டுப்பட்ட புருவம்.

“அவனைப் பெத்தவ நான்தான்! உன் கதையைப் படிச்சுட்டு என் தங்கச்சி துக்கம் விசாரிக்க எங்க வீட்டுக்குப் போன் பண்ணினா. எடுத்ததே நான்! ரெண்டு நாள் பஸ்ல வந்திருக்கேன். எங்கடி அவன்?”

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்தார் முதலாளி ஃபௌஸ்டினோ. தாயைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. ஒரு நொடிதான்.

“பார்த்துக்கிட்டே நிக்கிறியே!” என்று இட்செலின் காதருகே சீறினார். “கேமராவை எடு. அம்மா இன்னும் கொஞ்சம் திட்டட்டும்.”