வடமதுரையிலிருந்து வந்த துடிப்பு

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் இதயத்துடிப்பு, அவர்கள் வீட்டில் வைத்திருக்கும் கருவி வழியாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். அதில் பிழை வராமல் பார்த்துக்கொள்வது திண்டுக்கல்லில் யுவராணியின் வேலை.

வடமதுரைப் பூ விவசாயி மலைச்சாமி இறந்தபோது, எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரைக் கழற்றி அழித்துவிட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய துடிப்பு மறுபடி வரத் தொடங்கியது. சீராகவே இருந்தது.

யுவராணி அவர் வீட்டுக் கருவியை எடுத்துவரப் போனாள். அவர் படுத்த கட்டிலின் ஓரத்தில் மனைவி ஜக்கம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"பிடுங்கிருவியா தாயி?"

"ஆமாம்மா. இது தப்பாக் காட்டுது. விட்டா மத்தவங்களுக்கு வர்றதையும் நம்ப முடியாது."

யுவராணி பிளக்கைப் பிடுங்கினாள். கருவியின் விளக்கு அணைந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் துடிப்பைக் காட்டும் அவள் செல்போனில் மலைச்சாமியின் துடிப்பு நிற்கவில்லை, வேகமெடுத்தது. ஜக்கம்மாள் எட்டிப் பார்த்தார்.

"பயந்துட்டாக. திருப்பி மாட்டிரு தாயி."

மாட்டினாள். விளக்கு எரிந்தது. துடிப்பு தணியவில்லை.

ஜக்கம்மாள் கட்டிலின் காலியான பக்கத்தைத் தடவிக்கொடுத்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இங்கனதான் இருக்கேன்" என்றார்.

செல்போனில் துடிப்பின் எண் ஏறிக்கொண்டே இருந்தது.