பின்வாசல் நினைவுக்கல்

சுண்ணாம்புப் பொடியில் போட்டிருந்த வட்டத்துக்குள் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குழி தோண்ட வந்த ஆள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தான்.

"எந்திரிம்மா. நாளைக்குக் காலையில அப்பா கல்லுக்குத் திறப்பு விழா. ஊரே வரப் போகுது" என்றான் மகன்.

"கல்லை முன்வாசல்ல நடச் சொல்லு. தோட்டத்துல வேணாம்."

மகனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. நிலத் தரகர் இந்த வீட்டிலிருந்து இறங்கிப் போனதைக் காலையில்தான் பார்த்திருந்தான். நினைவுக்கல் நட்ட இடத்தை எவன் வாங்குவான்? தனக்குத் தெரியாமல் தோட்டத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறாள். பெற்ற பிள்ளையிடமே மறைக்கிறாளே!

மரபுக் குழுச் செயலாளர் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. அவர் புண்ணியத்தில் ஊரில் தெருவிளக்கை விட நினைவுக்கல் அதிகம். யாரோ ஒரு பெரிய மனிதர் குடையை மறந்துவிட்டுப் போன மரத்தடிக்குக்கூட ஒன்று உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் மசியவே மாட்டார். கல்லில் 'இங்கே' என்று பொறித்தால், சம்பவம் நடந்த அதே இடத்தில்தான் கல் நிற்க வேண்டும்.

"நீங்கதானேம்மா இந்த இடத்தைக் காட்டினீங்க? ஏரியை வளைச்சுப் போட்டவனோட ஆளுங்க முன்வாசல்ல நின்னதால, ஏரிக்காரர் மனுவை எடுத்துக்கிட்டு இப்படி வேலி தாண்டிப் போனாருன்னு? அவர் கால் பட்டுக் கலைஞ்ச மண்ணைக்கூட அன்னிக்கு வந்த போலீசுக்குக் காட்டியிருக்கீங்க!"

"காட்டினேன்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

அந்த மண்ணில் ஒரு பிடி, ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தலைநகருக்குப் புறப்பட்ட ஏரிக்காரர் திரும்பி வரவில்லை. வழியிலேயே ஆளை முடித்துவிட்டார்கள் என்று ஊர் கொதித்து எழுந்தது. ஏரிக்கரையில் போய் உட்கார்ந்த ஜனம் ஏரியை மீட்ட பிறகுதான் வீடு திரும்பியது.

அப்போது மகன் கைக்குழந்தை. அப்பா முகம் அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் நடத்தும் கடையின் பெயரே 'ஏரிக்காரர் மகன் சைக்கிள் கடை'. அவனைக் கண்டால் பெரியவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதை கல்லில் ஏறப் போகும் நேரத்தில் அம்மாவே குறுக்கே உட்கார்ந்தால் எப்படிப் பொறுப்பான்?

"தரகர் எதுக்கு வந்தாரு?"

"வந்தாரு. போனாரு."

"இதோ, அவர்கிட்டயே கேக்கறேன்." போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"உங்கம்மாவா?" என்று தரகர் அலுத்துக்கொண்டார். "வருஷக்கணக்கா நடையா நடக்கறேன் தம்பி. வீட்டை வேணா எடுத்துக்க, தோட்டத்துல ஒரு சாண் கூட தர மாட்டேன்னு அடிச்சு சொல்லிட்டாங்க. இன்னிக்கும் அதே பாட்டுதான்."

மகன் போனை அணைத்தான். சந்தேகம் தீரவில்லை, வேறு பக்கம் திரும்பியது. அப்பாவைப் பற்றி அம்மா ஒரு நாளாவது ஆசையாகப் பேசியதுண்டா? விழா என்று கூப்பிட்டால் தலைவலி என்பாள். மாலை போட வந்தால் அடுப்பில் வேலை என்பாள்.

"அப்பாவுக்குப் பேர் கிடைக்கறது உனக்குப் பிடிக்கல. அதானே?"

"ஊர் முழுக்க அவருக்குக் கல்லு வை. நான் வேணாம்னேனா?"

"அப்ப எந்திரி!" என்று அவனே கடப்பாரையைப் பிடுங்கினான்.

"நிதானம் தம்பி. மேலோட்டமா நட்டா சாஞ்சிடும்" என்றார் செயலாளர். "ஆள் உயரத்துக்குத் தோண்டணும். ஆயிரம் வருஷம் நிக்கற கல்லு."

"ஆள் உயரமா?" அம்மா பதறினாள். எட்டிக் கடப்பாரையைப் பிடித்தாள். கிணற்றடியில் விழுந்து உடைத்துக்கொண்டதாக அவள் சொல்லும் கோணல் மணிக்கட்டு சேலைத் தலைப்புக்கு வெளியே தெரிந்தது. "சார், நீங்களும் அந்தத் தம்பியும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் இவன்கிட்ட பேசணும்."

தாயும் பிள்ளையும் சமாதானம் ஆனால் சரி என்று செயலாளர் ஆளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஊருக்கு அவரு நல்லவர்தான்டா. அதுல பொய் இல்ல. வீட்டுக்குள்ள வந்தா வேற ஆளு. கோபம் வந்தா கையில கிடைச்சதை எடுப்பாரு." அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "அன்னிக்கு மனு எழுதிட்டு இருந்தாரு. நீ அழுகையை நிறுத்தல. கட்டையை எடுத்துக்கிட்டு தொட்டில்கிட்ட வந்தாரு. நான் குறுக்க போனேன்."

மகன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் எதிரில் குந்தினான்.

"அந்தச் சண்டையிலதான் அப்பா வீட்டை விட்டுப் போனாரா?"

அம்மா வட்டத்தை விட்டு எழவில்லை.

"உங்கப்பா எங்கயும் போகலடா."